பிரேக் பிடிக்காத அந்த இறக்கம்

கம்மின்ஸ்ங்கிற பேரை ஜெனரேட்டர் மேல பார்த்திருப்பீங்க. அது ஒரு மனுஷனோட பேர். கிளெஸ்ஸி கம்மின்ஸ், 1888-ல் அமெரிக்காவின் இண்டியானாவில் பிறந்தவர். படிப்பு எட்டாம் வகுப்போட சரி (நாம இங்கே எட்டு செமஸ்டர்!). ஒரு பேங்கருக்கு கார் ஓட்டினார். அந்த முதலாளி போட்ட பணத்தில்தான் 1919-ல் என்ஜின் கம்பெனி தொடங்கினார்.

1931-ல் தன் டீசல் லாரியில் நியூயார்க்கிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸுக்குக் கிளம்பினார். கலிஃபோர்னியாவில் கஹோன் கணவாய் இறக்கம். பிரேக் சூடாகி, மிதிச்சாலும் பிடிக்கலை. கீழே லெவல் கிராஸிங்கில் கூட்ஸ் ரயில் போய்க்கிட்டிருக்கு. கடைசிப் பெட்டி விலகவும் லாரி தண்டவாளத்தைத் தாண்டவும் சரியா இருந்தது.

அந்தப் பயம் அவரை விடவே இல்லை. 1955-ல் ரிட்டயர் ஆன பிறகுதான் வழி கிடைச்சது. கம்ப்ரஷன் முடியுற நேரத்தில் எக்ஸாஸ்ட் வால்வைத் திறந்துவிட்டா, அழுத்தின காற்று வெளியே போயிடும், பிஸ்டனைத் திருப்பித் தள்ளாது. என்ஜினே பிரேக் ஆயிடும். சரியா அந்த நேரத்தில் அசையுற இன்ஜெக்டர் ராக்கர் அவரோட என்ஜினிலேயே ஏற்கெனவே இருந்தது!

அவர் தொடங்கின கம்பெனியே இதை வேண்டாம்னுடுச்சு. டிரில் சக் செய்துகிட்டிருந்த ஜேக்கப்ஸ் கம்பெனிதான் 1961-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தது.

பழைய மாடல்களில் டேஷ்போர்டு, கிளட்ச், த்ராட்டில் ஸ்விட்சுகள் எல்லாம் சீரிஸில் இருக்கும். ஒண்ணு ஓப்பன் ஆனாலும் சோலனாய்டுக்கு கரண்ட் வராது. பிரேக் வேலை செய்யலைன்னா என்ஜினைப் பிரிக்காதீங்க, முதல்ல மல்டிமீட்டரை எடுங்க.

1968-ல் கம்மின்ஸ் இறந்தார். டிரைவர்கள் அதை இன்னைக்கும் ஜேக் பிரேக்னுதான் சொல்றாங்க.