குடும்பத்தைத் திரையேற்றிய சிசில் ஹெப்வேர்த்



ஊமைப்படங்கள் பிறந்தபொழுதே வீட்டு வாழ்க்கையும் திரையேறிவிட்டது. 1895 டிசம்பரில் பாரிஸ் நகரில் லூமியேர் சகோதரர் காட்டிய படங்களுள் ஒன்று, தாய் அருகிருக்கத் தந்தை தம் குழந்தைக்கு உணவூட்டும் காட்சியாகும். இங்கிலாந்தில் தம் குடும்பத்தையே திரையில் உலவவிட்ட முன்னோடி சிசில் ஹெப்வேர்த் ஆவார்.

அவர் 1874 ஆம் ஆண்டில் நாம் வாழும் இவ்விலண்டன் மாநகரின் லாம்பெத் பகுதியிற் பிறந்தார். தந்தையார், கண்ணாடிப் படங்களை விளக்கொளியால் திரையில் வீழ்த்தி விரிவுரை நிகழ்த்துபவர். தந்தை வழியே மைந்தரும் சென்றார். 1897 இல் சலனப்படக் கலைபற்றி நூலொன்று எழுதினார். பின்னர் தேம்ஸ் நதிக்கரையிலுள்ள வோல்ற்றன் என்னும் ஊரிற் படத்தயாரிப்பை ஆரம்பித்தார்.

1905 இல் வெளிவந்த ஒரு படமே அவர் புகழை நாட்டியது. பிச்சைக்காரி ஒருத்தி களவாடிய குழந்தையை, ரோவர் என்னும் வீட்டு நாய் தேடிச்சென்று கண்டு, தந்தையை அழைத்துவந்து மீட்கும் கதை அது. கதையை எழுதியவரும் தாயாக நடித்தவரும் ஹெப்வேர்த்தின் மனைவியார் மார்கரெட். தந்தையாக நடித்தவர் ஹெப்வேர்த். குழந்தை அவர்தம் மகள் பார்பரா. ரோவராக நடித்தது அவர்கள் வளர்த்த நாய். படத்தை இயக்கியவர் லூவின் ஃபிற்ஸ்ஹாமன். ஏறத்தாழ ஆறு நிமிடங்களே ஓடும் அப்படத்துக்கு ஆன செலவு எட்டுப் பவுணுக்கும் குறைவு. விற்பனையானவையோ நானூறு பிரதிகள் அளவில். பிரதியெடுத்து மூலச்சுருள் தேய்ந்தமையால் அதே படத்தை மேலும் இருமுறை புதிதாக எடுக்க நேர்ந்தது!

ஆயின் காலம் மாறியது. 1924 இல் நிறுவனம் கடனில் மூழ்கியது. மூலச்சுருள்கள் உருக்குதற்குரிய வெறும் பொருளாக விற்கப்பட்டன. அவருடைய கால்நூற்றாண்டு உழைப்பிற் பெரும்பகுதி அவ்வாறு அழிந்தது. எனினும் பிறர் கைகளிலிருந்த பிரதிகளால் ரோவரின் கதை பிழைத்தது. இன்றும் அதனைக் காணலாம். முதுமையில் அவர் பிரித்தானியத் திரைப்பட நிறுவகத்தின் வரலாற்று ஆய்வுக் குழுவுக்குத் தலைமை தாங்கினார்; 1951 இல் தம் வாழ்க்கை வரலாற்றை வெளியிட்டார்; 1953 இல் மறைந்தார்.

இவ்வரலாறு நமக்கு அந்நியமானதன்று. நம்மிற் பலர் உடுத்த உடையோடு வீட்டை விட்டு வெளியேறியவர்கள். திருமணப் படங்களும் பிள்ளைகளின் முதற் பிறந்தநாட் படங்களும் சுவரிலேயே தங்கிவிட்டன. வீடுகளோடு அழிந்தவையும் உள. நம் கையில் இன்று எஞ்சியிருப்பவற்றிற் பல, முன்னரே கடல்கடந்து உறவினருக்கு அஞ்சலில் அனுப்பிய பிரதிகளே.

ஆகவே, மாணவர்களே, இவ்விடுமுறையில் ஒரு பணி செய்வீர்களாக. வீட்டிலுள்ள பழைய படங்களை எடுத்து, அம்மம்மாவின் அருகில் அமர்ந்து, படத்திலிருப்போர் யாவர், எவ்வூர், எவ்வாண்டு எனக் கேட்டுப் பின்புறத்திற் தமிழில் எழுதுங்கள். பிரதியெடுத்து உறவினர்க்கும் அனுப்புங்கள். கேட்பதற்கு அவர்கள் இருக்கும்பொழுதே கேட்டுவிடுங்கள்.