வாளுக்கு அடுத்து அளவுகோல்: முதலாம் குலோத்துங்கன்

1066-னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? நார்மண்டியில் இருந்து கடல் தாண்டி வந்த வில்லியம், ஹேஸ்டிங்ஸ் போரில் ஜெயித்து இங்கிலாந்தைப் பிடித்த கதை. கூட வந்த குதிரைவீரர்களுக்கு அந்த நாட்டு நிலத்தையே பங்கு போட்டுக் கொடுத்தார்.

சரியா நாலு வருஷம் கழித்து, 1070-இல், அம்பகரத்தூர் இருக்கிற நம்ம காவிரி டெல்டாவுக்கும் ஒரு வெளியூர் இளவரசர் ராஜாவானார். அவர்தான் முதலாம் குலோத்துங்கன்.

அப்பா, வேங்கியை ஆண்ட கீழைச் சாளுக்கியர் ராஜராஜ நரேந்திரன். அம்மா அம்மங்கை, கங்கையும் கடாரமும் கொண்ட ராஜேந்திர சோழனின் மகள். அப்பாவுக்குப் பிறகு வேங்கி சித்தப்பா விஜயாதித்தன் கைக்குப் போயிடுச்சு. இந்தப் பக்கம் சோழ மன்னர் அதிராஜேந்திரன் பட்டத்துக்கு வந்த கொஞ்ச நாளிலேயே இறந்துவிட, மகள் வழிப் பேரன் அரியணையைப் பிடித்தார்.

பிடிப்பது ஒரு வேலை, வைத்துக்கொள்வது வேற வேலை. அவர் ஆட்சி தொடங்கிய காலத்திலேயே இலங்கை சோழர் கையை விட்டுப் போனது. அதைத் திரும்பப் பிடிக்க அவர் பெரிசா மெனக்கெடவில்லை. வணிகத்துக்கு இருந்த சுங்கத்தை நீக்கினார். சுங்கம் தவிர்த்த சோழன் என்ற பேர் அதனால் வந்தது. 1077-இல் சீனாவுக்கு 72 பேர் தூது போனார்கள். 1090-இல் கடார மன்னரின் தூதர்கள் கேட்டதற்காக, காரைக்காலுக்குத் தெற்கே இருக்கும் நாகப்பட்டினத்தின் புத்த விகாரைக்குச் சேர்ந்த ஊர்களுக்கு வரிவிலக்கு கொடுத்தார்.

இன்னொரு ஆச்சரியம் கேளுங்க. 1086-இல் இவர் நாட்டு நிலத்தை அளக்கச் சொன்னார். அதே 1086-இல்தான் வில்லியமும் இங்கிலாந்தைக் கணக்கெடுத்து டூம்ஸ்டே புத்தகம் எழுத வைத்தார். ஒருத்தரை ஒருத்தர் தெரியாது. ஆனா ரெண்டு பேருக்கும் புரிந்தது ஒன்றுதான்: நிலம் எவ்வளவு, யாரிடம் இருக்கு என்று தெரியாமல் வரி வாங்க முடியாது.

இவர் காலத்திலும் ரத்தம் சிந்தாமல் இல்லை. தளபதி கருணாகரத் தொண்டைமான் கலிங்கத்தை அழித்த வெற்றியைத்தான் ஜெயங்கொண்டார் பரணியாகப் பாடினார். கலிங்கத்து மக்களுக்கு அது வெற்றி இல்லையே.

ஆனா ஒரு வித்தியாசம் உண்டு. வில்லியம் வந்த பிறகு இங்கிலாந்தின் அரசவை பிரெஞ்சு பேசியது. பழைய பிரபுக்கள் பெரும்பாலும் நிலத்தை இழந்தார்கள். குலோத்துங்கனோ சோழனாகவே மாறிப்போனார். சோழ நாட்டில் அவர் புகழைச் சொல்லும் மெய்க்கீர்த்திகள் தமிழில்தான் இருக்கின்றன. சுமார் 50 வருஷம் அவரால் ஆள முடிந்ததற்கு வாளை விட இதுதான் பெரிய காரணம்னு எனக்குத் தோணுது. உங்களுக்கு?