ஒரு ஜோடிக் கட்டையால் மலையை வென்றவர்

அந்தக் காலத்தில், குளிர்காலம் வந்தால் நார்வே நாட்டின் மலைக் கிராமங்கள் பனியில் புதைந்துவிடும். பாதை தெரியாது. வண்டி போகாது. காலில் நீண்ட மரக்கட்டைகளைக் கட்டிக்கொண்டு பனிமேல் சறுக்கித்தான் ஜனங்கள் நடமாடுவார்கள்.

இந்தச் சறுக்கலை உலகமே விரும்பும் விளையாட்டாக மாற்றியவர் ஓர் ஏழை. அவர் பெயர் சோண்ட்ரே நூர்ஹைம்.

ஏழை வீட்டுப் பிள்ளை

1825-ம் ஆண்டு ஜூன் 10-ந் தேதி டெலிமார்க் பகுதியிலுள்ள மோர்கெடால் கிராமத்தில் அவர் பிறந்தார். குடும்பத்துக்குச் சொந்த நிலம் கிடையாது. பிறர் நிலத்தில் குடிசை போட்டு, அதற்கு ஈடாக உழைத்துக் கொடுக்கும் குடும்பம் அது.

வறுமை வாட்டினாலும் சோண்ட்ரேயின் உற்சாகம் குறையவில்லை. மேட்டிலிருந்து சறுக்குவார். பாறைமேலிருந்து தாவுவார். கூரையிலிருந்துகூடக் குதிப்பார்!

கட்டையில் என்ன மாற்றம்?

அந்தக் காலத்துக் கட்டையில் கால்விரலை மட்டுமே வாரால் மாட்டுவார்கள். குதிகால் ஆடிக்கொண்டிருக்கும். தாவினால் கட்டை கழன்று போகும். வேகத்தைக் குறைக்க, நீண்ட கம்பைப் பனியில் ஊன்றி இழுக்க வேண்டும்.

சோண்ட்ரே மரவேரை முறுக்கி, குதிகாலைச் சுற்றி வளையம் போட்டார். கட்டை காலோடு ஒட்டி நின்றது.

கட்டையையும் நீளம் குறைத்துச் செதுக்கினார். முன்னும் பின்னும் அகலம், நடுவில் மட்டும் ஒடுக்கம். இப்படிப்பட்ட கட்டையைப் பக்கவாட்டில் சாய்த்தால் அது வளைந்து, வில்லைப்போலக் கோடு போட்டுத் தானே திரும்பும். கம்பு தேவைப்படவில்லை.

ஏழைக்கு விதவிதமாகக் கட்டை ஏது? மேடு ஏற, சரிவில் இறங்க, தாவ, திரும்ப, எல்லாவற்றுக்கும் ஒரே ஜோடி போதுமானதாயிற்று.

தலைநகரில் வெற்றி

1868-ம் ஆண்டு தலைநகர் கிறிஸ்டியானியாவில் போட்டி நடந்தது. அந்த நகரம்தான் இன்றைய ஆஸ்லோ. ஏறக்குறைய 200 கிலோமீட்டர் தூரத்தைப் பனியில் சறுக்கியே கடந்து சோண்ட்ரே வந்து சேர்ந்தார்.

அப்போது அவருக்கு வயது 42. இளைஞர்களை எல்லாம் தோற்கடித்து முதல் பரிசைத் தட்டிக்கொண்டு போனார். கம்பை நம்பாமல் அவர் தாவியதையும் திரும்பியதையும் கண்டு நகரத்தார் வியந்தனர்.

சமவெளியில் முதுமை

புகழ் வந்தது, பணம் வரவில்லை. 1884-ல் குடும்பத்தோடு அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போனார். முதலில் மின்னசோட்டா, பிறகு வடக்கு டகோட்டா. அங்கே பனி உண்டு, மலை இல்லை. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை சமவெளி. மலையில் பறந்தவர் வயலில் உழைத்து முதுமை அடைந்தார்.

1897-ம் ஆண்டு மார்ச் மாதம் காலமானார். பல ஆண்டுகள் அவர் சமாதியில் பெயர் பொறித்த கல்கூட இல்லை.

இன்றும் அதே இடுப்பு

இன்று கடைகளில் பலவகைக் கட்டைகள் விற்கின்றன. இரு முனையும் மேலே வளைந்த கட்டையும் உண்டு. அதில் பின்னோக்கியும் சறுக்கலாம்.

எந்த மலைக்கும் பொதுவாக ஒரு ஜோடி வாங்குவோர் முக்கியமாகக் கவனிப்பது கட்டையின் இடுப்பைத்தான். இடுப்பு ஒடுங்கியிருந்தால் கெட்டிப் பனியில் சட்டென்று திரும்பும். அகன்றிருந்தால் புதுப்பனியில் அமுங்காமல் மிதக்கும். இரண்டுக்கும் இடைப்பட்டதே எல்லா இடத்துக்கும் ஏற்றது. சோண்ட்ரே செதுக்கிய அந்த ஒடுங்கிய இடுப்பு இன்றைய கட்டைகளிலும் இருக்கிறது.

1952-ல் ஆஸ்லோவில் குளிர்கால ஒலிம்பிக் நடந்தது. அதற்கான தீபத்தை எங்கே ஏற்றினார்கள் தெரியுமா? மோர்கெடாலில், சோண்ட்ரே பிறந்த அந்தச் சிறிய வீட்டின் அடுப்பில்தான்! சறுக்கு வீரர்கள் அதைக் கைமாற்றி, பனிமேல் சறுக்கியபடியே தலைநகருக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்.