ஆரியபட்டரும் என் ஆயாவும்

கிரகணத்தின்போது சூரியனை இராகு என்னும் பாம்பு விழுங்குகிறது என்று ஆயா சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நான். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆளும் நானே. ஆகவே ஆரியபட்டரின் வாழ்வு என்னை ஈர்த்ததில் வியப்பில்லை.

கி.பி. 476-ல் பிறந்த அவர், பாடலிபுத்திரம் எனக் கருதப்படும் குசுமபுரத்தில் அறிவில் சிறந்து விளங்கினார். 499-ல், தம் 23-ஆம் வயதில், ஆரியபட்டீயம் என்னும் நூலை இயற்றினார். வட்டத்தின் சுற்றளவு விட்டத்தைப் போல் 3.1416 மடங்கு எனக் கணித்தார். படகில் செல்வோனுக்குக் கரை பின்னோக்கி ஓடுவதுபோல், பூமி சுழல்வதால்தான் விண்மீன்கள் மேற்கே நகர்வதாகத் தோன்றுகின்றன என்றார். திருத்தணியிலிருந்து அரக்கோணத்துக்கு ரயிலில் செல்லும் எவரும் இதை உணரலாம். கிரகணமோ வெறும் நிழல்தான் என்று விளக்கினார்.

415-ல் அலெக்சாந்திரியாவில் கணித மேதை ஹைபேஷியாவைச் சமயப் பூசலில் ஒரு கூட்டம் கொன்றது. ஆரியபட்டருக்கு அத்தகைய கொடுமை நேர்ந்ததாக வரலாறு இல்லை. ஆனால் 628-ல், நிழற் கணக்கை நன்கறிந்த பிரம்மகுப்தரே, வேதம் கூறும் இராகுவை மறுக்கலாமா என்று அவரைச் சாடினார். பின்வந்த உரையாசிரியர் சிலர், பூமி சுழலும் என்ற கருத்துக்கே வேறு பொருள் கூறி மழுப்பினர். எனினும் 1975-ல் நம் நாட்டின் முதல் செயற்கைக்கோள் அவர் பெயர் தாங்கியே விண்ணேறியது.

பிரம்மகுப்தரைக் குறைசொல்ல என் கை கூசுகிறது. சென்ற கிரகணத்தன்று ஆயா பட்டினி கிடந்தார். எல்லாம் அறிந்த நானும் வாய்மூடி உடன் கிடந்தேன். அடுத்த கிரகணத்திற்குள் ஒரு விளக்கையும் எலுமிச்சம்பழத்தையும் வைத்து, அந்த நிழலை ஆயாவுக்குக் காட்டிவிட வேண்டும்.