பெயரை விட்டுக்கொடுத்தவர்: லூயி செவர்லேயின் வாழ்க்கை

(இரண்டாம் ஆண்டு, மெக்கானிக்கல் பிரிவு)



நம்ம காலேஜில் இரண்டு பேர் சேர்ந்தால் சினிமா, மூன்று பேர் சேர்ந்தால் கிரிக்கெட். மெக்கானிக்கல்காரன் நாலு பேர் சேர்ந்தால் கார்தான்! அதிலும் சாரல் சீசன் ஆரம்பித்து, குற்றாலம் ரோட்டில் வெளியூர் வண்டிகள் வரிசைகட்டி நிற்கத் தொடங்கிவிட்டால் கேட்கவே வேண்டாம். பேச்சு எங்கே சுற்றினாலும் கடைசியில் அமெரிக்காவில் போய் நிற்கும். ஃபோர்டு மஸ்டாங்கா, செவர்லே கமாரோவா? அதுவும் கூரையை மடித்து வைக்கிற கன்வெர்டிபிள் வண்டி என்றால் எது வாங்கலாம்? இந்தக் கேள்விக்கு விடுதியில் இரண்டு கட்சி உண்டு. இரண்டு கட்சிக்கும் சேர்த்து ஒரு சைக்கிள்கூடச் சொந்தமாகக் கிடையாது என்பது வேறு விஷயம்.

ஃபோர்டு என்பது ஹென்றி ஃபோர்டு என்ற மனிதரின் பெயர் என்று எல்லோருக்கும் தெரியும். செவர்லே என்பதும் ஒரு மனிதரின் பெயர்தான் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? அவர் பணக்காரர் அல்ல, முதலாளி வீட்டுப் பிள்ளையும் அல்ல. நம்மைப் போலக் கையில் ஸ்பேனர் பிடித்தவர். உலகமெங்கும் ஓடிய வண்டிகளில் அவர் பெயர் இருந்தது. அவர் வீட்டில் பணம் இல்லை. அந்தக் கதையைத்தான் இங்கே எழுத வந்தேன்.

சைக்கிள் கடையிலிருந்து பந்தய மைதானம் வரை

1878-ஆம் ஆண்டு டிசம்பர் 25. சுவிட்சர்லாந்தில் கடிகாரத் தொழிலுக்குப் பேர்போன லா ஷோ-த-ஃபோன் என்ற ஊரில், கடிகாரம் செய்யும் ஒருவரின் மகனாகப் பிறந்தார் லூயி செவர்லே. அவர் சிறுவனாக இருக்கும்போதே குடும்பம் பிழைப்புத் தேடி பிரான்ஸ் நாட்டுக்குப் போய்விட்டது. பெரிய படிப்பு எதுவும் கிடையாது. சைக்கிள் ரிப்பேர் கடையில் வேலை. பகலில் சைக்கிளைப் பிரித்து மாட்டுவார். கிடைத்த நேரத்தில் சைக்கிள் பந்தயம் ஓட்டுவார். எங்கே எதில் உராய்வு அதிகம், எங்கே எடை வீண் என்பதை அவருக்கு அந்தச் சைக்கிள்தான் கற்றுக்கொடுத்தது.

பிறகு பாரீஸில் டராக் என்ற மோட்டார் கம்பெனியில் வேலை. 1900-ல் கப்பல் ஏறி கனடாவின் மான்ட்ரியல் நகருக்குப் போனார். அங்கிருந்து நியூயார்க். வாட்டசாட்டமான உடம்பு, அடர்ந்த மீசை, தாய்மொழி பிரெஞ்சு. இங்கிலீஷ் தடுமாற்றம்தான். ஆனால் எஞ்சின் எந்த மொழியில் பேசினாலும் அவருக்குப் புரியும்!

1905-ல் நியூயார்க் மோரிஸ் பார்க் மைதானத்தில் ஃபியட் வண்டியை ஓட்டி ஜெயித்தார். அன்றைய அமெரிக்காவின் பெரிய பந்தய வீரர் பார்னி ஓல்டுஃபீல்டையே பின்னுக்குத் தள்ளினார். ஒரே நாளில் பத்திரிகையெல்லாம் பெயர் வந்துவிட்டது.

அந்தப் பெயர் கண்ணில் பட்டது வில்லியம் டுரான்ட் என்ற வியாபாரிக்கு. பியூக் கார் கம்பெனியை நடத்தியவர், 1908-ல் ஜெனரல் மோட்டார்ஸை உருவாக்கியவர். லூயியும் தம்பி ஆர்தரும் வேலை கேட்டு வந்தபோது டுரான்ட் இருவரையும் போட்டிக்கு ஓட்டச் சொன்னாராம். லூயி ஜெயித்தார். ஆனால் டுரான்ட் தனக்கு டிரைவராக எடுத்துக்கொண்டது தோற்ற ஆர்தரை! ஏனென்றால் ஆர்தர் ஆபத்தில்லாமல் ஓட்டினார். லூயிக்குக் கிடைத்தது பியூக் பந்தயக் குழுவில் இடம். சொல்லிச் சொல்லி வந்த கதை இது. ஆனால் டுரான்ட் எதையும் கணக்குப் போட்டுத்தான் எடுப்பார் என்பதை இதைவிட நன்றாகச் சொல்ல முடியாது.

ஒரு கம்பெனி, ஒரு பெயர்

1910-ல் ஜெனரல் மோட்டார்ஸ் கடனில் சிக்க, கடன் கொடுத்த வங்கிக்காரர்கள் டுரான்டின் கையிலிருந்து நிர்வாகத்தை வாங்கிவிட்டார்கள். மனுஷன் சோரவில்லை. புதுக் கம்பெனி தொடங்க நினைத்தார். பணம் புரட்டத் தெரியும். சந்தையில் எடுபடுகிற பெயர்தான் வேண்டும். லூயியிடம் அந்தப் பெயர் இருந்தது. 1911 நவம்பர் 3-ஆம் தேதி டெட்ராய்ட் நகரில் செவர்லே மோட்டார் கார் கம்பெனி பிறந்தது.

லூயியின் பங்கில் உருவான முதல் வண்டி கிளாசிக் சிக்ஸ். ஆறு சிலிண்டர், 4.9 லிட்டர் எஞ்சின், விலை 2,150 டாலர். கம்பீரமான பெரிய வண்டி. அந்த நேரத்தில் ஃபோர்டின் மாடல் டி வண்டி அதில் மூன்றில் ஒரு பங்கு விலைகூட இல்லை. டுரான்டின் கண் அந்த மாடல் டி மேல்தான் இருந்தது. அதோடு மோதுகிற மலிவு வண்டி வேண்டும் என்றார் அவர். தன் பெயர் போட்ட வண்டி தரமாக, வேகமாக இருக்க வேண்டும் என்றார் லூயி. இருவரும் இறங்கி வரவில்லை. லூயி வாயில் எந்நேரமும் சிகரெட் இருப்பது டுரான்டுக்குப் பிடிக்காமல், பெரிய மனிதர்போல் சுருட்டுப் பிடிக்கச் சொன்னார் என்றும் அதில் சண்டை முற்றியது என்றும் ஒரு கதை உண்டு.

1913-ல் லூயி கம்பெனியை விட்டு வெளியே வந்தார். பங்குகளும் பிறகு கைமாறிப் போயின. ஆனால் நண்பர்களே, இங்கேதான் கவனிக்கணும். ஆள் வெளியே வந்தார். பெயர் வெளியே வரவில்லை! செவர்லே என்ற பெயர் கம்பெனியின் சொத்தாகிவிட்டது. அப்பன் பாட்டன் வைத்திருந்த குடும்பப் பெயரைத் தான் செய்யும் காருக்கு வைக்க அவருக்கு இனி வழி இல்லை.

டுரான்ட் நினைத்ததைச் சாதித்தார். 490 டாலர் விலையில் ஒரு செவர்லேயைக் கொண்டுவந்தார். வண்டிக்குப் பெயரும் 490 தான். வியாபாரம் பிய்த்துக்கொண்டு போனது. அந்த லாபத்தின் பலத்தில் 1916-ல் ஜெனரல் மோட்டார்ஸையே திரும்பப் பிடித்தார். 1918-ல் செவர்லே அதில் ஒரு பிரிவாக இணைந்தது.

வேறு பெயரில் ஜெயித்தவர்

லூயி சும்மா உட்காரவில்லை. தம்பிகள் ஆர்தர், காஸ்டன் இருவரையும் சேர்த்துக்கொண்டு ஃப்ரான்டினாக் என்ற பெயரில் பந்தய வண்டிகள் செய்தார். 1920-ல் இண்டியானாபோலிஸ் 500 மைல் பந்தயத்தில் அண்ணன் கைவேலையில் உருவான வண்டியை ஓட்டி காஸ்டன் ஜெயித்தார். அந்த மகிழ்ச்சி ஆறு மாதம்தான். அதே ஆண்டு நவம்பரில் கலிஃபோர்னியாவில் பந்தய விபத்தில் காஸ்டன் இறந்துபோனார். 1921-ல் டாமி மில்டன் ஓட்டிய ஃப்ரான்டினாக் வண்டி அதே இண்டியானாபோலிஸில் மறுபடி ஜெயித்தது.

இனி வருவதுதான் நம்ம பிரிவுக்காரர்கள் ரசிக்க வேண்டிய இடம். மாடல் டி எஞ்சின் 2.9 லிட்டர், நாலு சிலிண்டர், வெறும் 20 குதிரைத்திறன். சைடு வால்வு அமைப்பு என்பதால் காற்றும் பெட்ரோலும் வளைந்து நெளிந்து உள்ளே போக வேண்டும். லூயியும் ஆர்தரும் அதற்கென்றே ஓவர்ஹெட் வால்வு வைத்த சிலிண்டர் ஹெட் செய்து விற்றார்கள். பழைய ஹெட்டைக் கழற்றிவிட்டு இதை மாட்டினால் போதும். மூச்சுத் திணறிக்கொண்டிருந்த எஞ்சின் நன்றாக மூச்சு விடும், திறன் எகிறும். ஃப்ரான்டி-ஃபோர்டு என்று பெயர். 1923-ல் இப்படி மாற்றிய ஒரு மாடல் டி, இண்டியானாபோலிஸ் பந்தயத்தில் ஐந்தாவதாக வந்தது.

யோசித்துப் பாருங்க. செவர்லே என்ற பெயரில் ஓடிய வண்டி ஃபோர்டை அடிக்கப் பார்க்கிறது. செவர்லே என்ற மனிதர் ஃபோர்டு வண்டிக்கு வேகம் கூட்டிக்கொண்டிருக்கிறார்!

அதன் பிறகு இறங்குமுகம். விமான எஞ்சின் செய்யலாம் என்று 1929-ல் கம்பெனி தொடங்கினார். அதே ஆண்டுதான் அமெரிக்கப் பங்குச் சந்தை சரிந்தது. தொழில் நிற்கவில்லை. 1930-களில் டெட்ராய்டுக்குத் திரும்பிய லூயி, கடைசியில் செவர்லே தொழிற்சாலையிலேயே மெக்கானிக்காக வேலை பார்த்தார். வாசலில் மாட்டிய போர்டில் அவர் பெயர். உள்ளே அவர் ஒரு தொழிலாளி. உடல்நலம் கெட்டு வேலையை விட்டவர், 1941 ஜூன் 6-ஆம் தேதி, 62-ஆம் வயதில் காலமானார். தம்பி ஜெயித்த இண்டியானாபோலிஸ் நகரில்தான் அவரை அடக்கம் செய்தார்கள்.

நம்ம பக்கத்து மனிதர் ஒருவர்

இதைப் படித்தபோது எனக்கு இன்னொருவர் ஞாபகம் வந்தார். நம்ம மலைத்தொடரின் அடிவாரத்திலேயே தெற்கே போனால் வருகிற திருக்குறுங்குடியில் பிறந்த டி.வி. சுந்தரம் ஐயங்கார். பிறப்பு 1877, லூயிக்கு ஒரு வயது மூத்தவர். வக்கீல் தொழில், ரயில்வே வேலை, வங்கி வேலை எல்லாம் பார்த்து, எதிலும் மனம் ஒட்டாமல் மோட்டார் தொழிலுக்கு வந்தவர். டி.வி.எஸ். நிறுவனம் தொடங்கியதும் அதே 1911-தான்! ஜெனரல் மோட்டார்ஸ் 1928-ல் பம்பாயில் வண்டிகளைப் பூட்டத் தொடங்கியது. அதன் வண்டிகளை நம்ம பக்கம் விற்றுப் பெரிய முகவராக வளர்ந்தது டி.வி.எஸ். சுந்தரம் ஐயங்கார் 1955-ல் மறைந்தார். அவருடைய இனிஷியல் மூன்றெழுத்தும் அவர் பிள்ளைகளிடமே இருந்தது.

இரண்டு பேருமே உழைப்பாளிகள். லூயி கையில் தொழில் இருந்தது, கணக்கும் பத்திரமும் அடுத்தவர் கையில் இருந்தது. சுந்தரம் ஐயங்கார் சட்டம் படித்தவர், வங்கியைப் பார்த்தவர். வித்தியாசம் அங்கேதான் என்பது என் எண்ணம்.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. எங்க வீட்டில் பள்ளிக்கூடம் தாண்டிப் படிக்க வந்த முதல் ஆள் நான். எங்க தாத்தா, என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே ஒரு கடன் பத்திரத்தில் கைநாட்டு வைத்தார். ஒன்றரை ஏக்கர் நன்செய் போச்சு. உழவில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது என்று ஊரே சொல்லும். உழவு தெரிந்து என்ன செய்ய? காகிதம் தெரியவில்லையே!

சரி, எந்த வண்டி?

லூயி இறந்து 23 வருஷம் கழித்து, 1964 ஏப்ரல் 17 அன்று நியூயார்க் உலகக் கண்காட்சியில் ஃபோர்டு தன் மஸ்டாங்கை அறிமுகம் செய்தது. ஆரம்ப விலை 2,368 டாலர். முதல் ஒரு வருஷத்திலேயே நாலு லட்சத்துக்கு மேல் விற்றது. ஜெனரல் மோட்டார்ஸ் விழித்துக்கொண்டு 1966 செப்டம்பரில் செவர்லே கமாரோவை இறக்கியது. இரண்டிலும் மூடிய வண்டியும் உண்டு, கன்வெர்டிபிளும் உண்டு. இரண்டிலும் வி-8 எஞ்சின் கிடைத்தது. மஸ்டாங் 1964 முதல் இன்றுவரை நிற்காமல் வந்துகொண்டிருக்கிறது. கமாரோ 2002-ல் நின்று, 2009-ல் திரும்பி வந்து, 2023 டிசம்பரில் மறுபடி நின்றுவிட்டது.

கன்வெர்டிபிள் வாங்குகிறவன் எதைப் பார்க்க வேண்டும்? பூட்ஸ் டப்பாவை மூடியோடு முறுக்கிப் பாருங்கள், எளிதில் முறுங்காது. மூடியை எடுத்துவிட்டு முறுக்குங்கள், வளைந்துகொடுக்கும். கூரை இல்லாத காரும் அப்படித்தான். அதனால் அடித்தளத்தைக் கூடுதல் இரும்பு வைத்துப் பலப்படுத்துவார்கள், எடை கூடும். 1967 கமாரோ கன்வெர்டிபிளில் அதிர்வு அடங்கவில்லை என்று வண்டியின் நாலு மூலையிலும் ஸ்பிரிங்கில் மிதக்கும் எடைக்கட்டிகளை வைத்தார்கள். ஆகவே அழகுக்கும் வேகத்துக்கும் முன்னால் பார்க்க வேண்டியது அடித்தளமும் துருவும்தான். நம்ம ஊர்ச் சாரலுக்கு மேல்துணி ஒழுகுமா என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்!

ஒரிஜினல் மஸ்டாங்கும் கமாரோவும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் நான் மஸ்டாங்கைத்தான் எடுப்பேன். உற்பத்தியில் இருக்கிற வண்டிக்கு உதிரிபாகம் கிடைக்கும். மெக்கானிக்கல்காரனுக்கு அது பெரிய காரணம். கமாரோ கட்சிக்காரர்கள் கோபப்பட வேண்டாம். அந்த வண்டியின் மூக்கில் இருக்கிற பெயருக்கு உரியவரே ஃபோர்டு எஞ்சினில் கை வைத்தவர்தானே! பேட்ஜைப் பார்த்துக் கட்சி கட்டாமல் பானெட்டைத் திறந்து பார்த்தவர் அவர்.

நண்பர்களே, நாளைக்கு நம்மில் சிலர் பட்டறை வைப்போம், சிலர் கம்பெனிக்குப் போவோம், சிலர் கூட்டாளியோடு தொழில் தொடங்குவோம். டிராயிங் ஷீட்டின் வலது மூலையில் கட்டம் போட்டுப் பெயர் எழுதுகிறோமே, அது வெறும் மார்க்குக்காக அல்ல. அந்த வேலைக்கு நான் பொறுப்பு என்று சொல்லும் கையெழுத்து அது. தொழிலைக் கற்போம், லூயி கற்ற மாதிரி. கூடவே ஒப்பந்தத்தின் கடைசி வரிவரை படித்துப் பார்க்கவும் கற்போம். படித்துப் பார்த்த பிறகே பெயரைப் போடுவோம்!