வயிறு நிறைஞ்சா போதுமா? வீடு வீடாக உணவை எடை போட்ட அய்க்ராய்ட்

செஞ்சி பக்கம் சிங்கவரத்தில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். நேற்று சாப்பிட்டது: காலையில் வெங்காயத்தோடு பழைய சோறு, ஒரு டீ. மதியம் சோறு, கத்திரிக்காய் புளிக்குழம்பு. ராத்திரியும் அதே குழம்புதான். உணவுப் பாதுகாப்பை அளக்கப் பல நாடுகளில் பயன்படும் 12 வகைப் பட்டியலில் இதைப் போட்டால் தானியம், காய்கறி, பால், சர்க்கரை, எண்ணெய், மசாலா என்று 6 மார்க் வந்துவிடும். பருப்பு, முட்டை, மீன், கறி, பழம், கிழங்கு எதுவும் இல்லை. ஆனாலும் பாதி மார்க்! டீயில் விட்ட பாலுக்கே முழுசா ஒண்ணு. பலவகை உணவை வாங்க அந்தக் குடும்பத்துக்கு வசதி இருக்கா என்பதைத்தான் இந்த எண் காட்டும். உடம்பில் எவ்வளவு சத்து சேர்ந்தது என்பதைச் சொல்லாது.

அதைத் தெரிஞ்சுக்கத் தராசோடு போனவர் டாக்டர் வாலஸ் அய்க்ராய்ட். 1899-ல் டப்ளினில் பிறந்தவர். வெள்ளை மாவை நம்பி வாழ்ந்த நியூஃபவுண்ட்லாந்து மக்களிடம் பெரிபெரி நோயை ஆராய்ந்தார். பிறகு சர்வதேச சங்கத்தின் சுகாதாரப் பிரிவில் வேலை. 1935-ல் குன்னூர் ஊட்டச்சத்து ஆய்வகத்தின் இயக்குநரானார்.

அவரது குழுவினர் சென்னை மாகாணக் கிராமங்களில் வீடு வீடாகப் போய், சமைப்பதற்கு முன்பே அரிசி, பருப்பு, காய் எல்லாவற்றையும் எடை போட்டார்கள். தட்டில் பெரும்பாலும் சோறுதான். பாலும் பழமும் கீரையும் சொற்பம். ஏழைக் குழந்தைகளின் வாயோரப் புண்ணுக்கு பி2 வைட்டமின் குறைவே காரணம் என்று அவரும் பி.ஜி. கிருஷ்ணனும் எழுதினார்கள். நம்ம புழுங்கல் அரிசிக்கும் அவர் ஆய்வில் நல்ல பெயர். நெல்லை அவிக்கும்போது பி1 வைட்டமின் அரிசிக்குள் இறங்கிவிடுவதால், மில்லில் தீட்டினாலும் முழுசா போவதில்லை.

வங்கப் பஞ்சத்தை விசாரித்த கமிஷனிலும் அவர் உறுப்பினர். இறந்தவர்கள் சுமார் 15 லட்சம் என்ற கணக்கு அவர் போட்டதுதான். அது குறைவான மதிப்பீடு என்று 1974-ல் தன் புத்தகத்தில் அவரே ஒப்புக்கொண்டார். அப்படி எழுத எத்தனை அதிகாரிகளுக்கு மனசு வரும்?

1946-ல் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் முதல் ஊட்டச்சத்துப் பிரிவு இயக்குநரானார். 1979-ல் மறைந்தார். குன்னூர் ஆய்வகம் 1958-லேயே ஹைதராபாத்துக்கு மாறிவிட்டது. இந்திய உணவுகளில் என்ன சத்து எவ்வளவு என்று அவர் 1937-ல் வெளியிட்ட சின்ன அட்டவணையை அங்கே தொடர்ந்து விரிவாக்கினார்கள். 2017 பதிப்பில் 528 உணவுகள் இருக்கின்றன.