ஒரு சொல்லைச் சட்டமாக்கிய ரஃபேல் லெம்கின்

காஸாவைப் பற்றிய செய்தியானாலும் ரோஹிங்யா முஸ்லிம்களைப் பற்றிய செய்தியானாலும் இனப்படுகொலை என்ற சொல் வராத நாள் இல்லை. ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் ஜெனோசைட் என்ற சொல் 1944ஆம் ஆண்டில்தான் அச்சேறியது. இனம் என்ற பொருள் தரும் கிரேக்கச் சொல்லையும் கொலை என்ற பொருள் தரும் லத்தீன் சொல்லையும் இணைத்து அதை உருவாக்கியவர், போலந்தைச் சேர்ந்த யூத வழக்கறிஞர் ரஃபேல் லெம்கின்.

1900 ஜூன் 24 அன்று, இன்றைய பெலாரஸில் உள்ள வோல்கோவிஸ்க் ஊருக்கு அருகே ஒரு பண்ணையில் பிறந்தார். தந்தை குத்தகை விவசாயி. பிள்ளைகளுக்கு வீட்டிலேயே பாடம் சொல்லிக் கொடுத்தவர் தாய்.

அவர் மாணவராக இருந்தபோது, 1921 மார்ச்சில், பெர்லின் தெருவில் தலாத் பாஷா சுட்டுக் கொல்லப்பட்டார். முதல் உலகப்போர்க் காலத்தில் உதுமானியப் பேரரசின் உள்துறை அமைச்சராக இருந்தவர் அவர். சுட்டவர் ஓர் ஆர்மீனிய இளைஞர். ஆர்மீனியர்களின் கதை நமக்குச் சங்கடமானதுதான். ஆனால் லெம்கினைப் பற்றி எழுதுபவர் அதைத் தாண்டிப் போக வழியில்லை. இஸ்தான்புல்லின் உதுமானிய ராணுவ நீதிமன்றமே 1919இல் தலாத் பாஷாவுக்கு, அவர் இல்லாத நிலையில், மரண தண்டனை விதித்திருந்தது. அவரோ பெர்லினில் சுதந்திரமாக வாழ்ந்து வந்தார்.

ஒருவனைக் கொன்றவனைக் கூண்டில் ஏற்றுகிறோம், ஒரு சமூகத்தையே அழிக்க உத்தரவிட்டவரை ஏன் எந்தச் சட்டமும் தொடுவதில்லை என்று லெம்கின் தன் பேராசிரியரிடம் கேட்டார். பண்ணைக்காரன் தன் கோழிகளை அறுத்தால் அடுத்த வீட்டுக்காரன் தலையிட முடியுமா என்று பேராசிரியர் திருப்பிக் கேட்டார். ஒரு நாட்டின் இறையாண்மையை அன்று அப்படித்தான் புரிந்து வைத்திருந்தார்கள். மனிதர்கள் கோழிகளா என்ற கேள்வியோடு லெம்கின் வாழ்நாள் முழுவதும் மல்லுக்கட்டினார்.

வார்சாவில் அரசு வழக்கறிஞரானார். 1933இல் மாட்ரிட் நகரில் நடந்த சட்ட மாநாட்டுக்கு, ஒரு சமூகத்தை அழிப்பதைச் சர்வதேசக் குற்றமாக்க வேண்டும் என்ற முன்மொழிவைத் தயாரித்தார். நேரில் போக அவருக்கு வாய்க்கவில்லை. கட்டுரை மட்டும் போனது, ஏற்கப்படவில்லை. ஹிட்லர் ஆட்சிக்கு வந்த ஆண்டு அது.

1939இல் ஜெர்மனி போலந்துக்குள் நுழைந்தது. பெற்றோரைத் தன்னோடு வரும்படி கெஞ்சினார், அவர்கள் வரவில்லை. லிதுவேனியா, ஸ்வீடன், பிறகு ரஷ்யா, ஜப்பான் வழியாக 1941இல் அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். ஸ்வீடனில் இருந்தபோது, ஜெர்மனி ஆக்கிரமித்த நாடுகளில் வெளியான அரசாணைகளைத் தேடித் தேடிச் சேகரித்தார். சொத்துப் பறிப்பு, இனவாரியாக உணவுப் பங்கீடு, மொழித் தடை என்று ஒவ்வொன்றும் தனியே பார்த்தால் வெறும் நிர்வாக உத்தரவு. சேர்த்துப் பார்த்தபோது அழிப்பின் திட்டம் தெரிந்தது. இந்தச் சேகரிப்பிலிருந்து உருவான நூலில்தான் அந்தப் புதிய சொல் முதலில் வந்தது.

நியூரம்பெர்க் விசாரணையின் குற்றப்பத்திரிகையில் அந்தச் சொல் இடம்பெற்றது. 1946 அக்டோபரில் 12 பேருக்கு மரண தண்டனை விதித்த தீர்ப்பில் அது இல்லை. போருக்கு முன் ஜெர்மனி தன் சொந்தக் குடிமக்களுக்குச் செய்த கொடுமைகளையும் நீதிமன்றம் தன் வரம்புக்கு வெளியே விட்டுவிட்டது. பண்ணைக்காரனின் கோழிகள் அப்போதும் அவன் கோழிகளாகவே இருந்தன. பெற்றோர் உட்பட உறவினர் 49 பேர் கொல்லப்பட்டதை லெம்கின் அறிந்ததும் இந்தக் காலத்தில்தான்.

அதன்பின் ஐ.நா. தாழ்வாரங்களே அவருக்கு வீடானது. பதவி இல்லை, சம்பளம் இல்லை. எதிர்ப்பட்ட தூதர்களையெல்லாம் நிறுத்திப் பேசினார். அவரைக் கண்டால் ஒதுங்கிப் போனவர்களும் உண்டு. 1946இல் கியூபா, இந்தியா, பனாமா ஆகிய மூன்று நாடுகள் தீர்மானம் கொண்டுவந்தன. 1948 டிசம்பர் 9 அன்று பாரிஸில் இனப்படுகொலைத் தடுப்பு உடன்படிக்கை நிறைவேறியது. ஆட்சியாளராக இருந்தாலும் தண்டனை உண்டு என்று அதன் நான்காம் பிரிவு சொல்கிறது.

ஆனால் அவர் மிகவும் விரும்பிய ஒரு பகுதி வெட்டப்பட்டது. ஒரு சமூகத்தின் மொழியையும் நூலகங்களையும் வழிபாட்டிடங்களையும் அழிப்பதும் இனப்படுகொலையே என்பது அவர் கருத்து. பல நாடுகள் அதை ஏற்கவில்லை. இழப்பு எவ்வளவு என்பது போஸ்னியாவில் தெரிந்தது. பள்ளிவாசல்களைத் தகர்த்ததை, அழிக்கும் நோக்கத்துக்கான சான்றாக மட்டுமே நீதிபதிகளால் கொள்ள முடிந்தது. ஸ்ரெப்ரெனிட்சாவில் 1995இல் சுமார் 8,000 முஸ்லிம் ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டதற்குப் போஸ்னிய செர்பியத் தலைவர் ராடோவன் கராஜிச் இனப்படுகொலைக் குற்றவாளி எனத் தீர்ப்பானது 2016இல். மிலோசெவிச்சோ தீர்ப்புக்கு முன்பே, 2006இல், ஹேக் சிறையில் இறந்துவிட்டார்.

இவை எதையும் லெம்கின் பார்க்கவில்லை. நோபல் பரிசுக்குப் பலமுறை பரிந்துரைக்கப்பட்டும் கிடைக்கவில்லை. திருமணம் செய்துகொள்ளவில்லை. கடைசி ஆண்டுகள் வறுமையில் கழிந்தன. 1959 ஆகஸ்ட் 28 அன்று நியூயார்க்கில் மாரடைப்பால் இறந்தார். இறுதிச் சடங்குக்கு வந்தவர்களைக் கைவிரல் விட்டு எண்ணிவிடலாம் என்பார்கள். அவர் இறப்பதற்கு முந்தைய நாள்தான் இந்தியா அந்த உடன்படிக்கையை உறுதிசெய்திருந்தது. அவருக்குப் புகலிடம் தந்த அமெரிக்கா உறுதிசெய்ய 1988 வரை ஆனது.

அந்த உடன்படிக்கையின் கீழ்தான் 2019இல் காம்பியா என்ற சிறிய முஸ்லிம் நாடு மியான்மரைச் சர்வதேச நீதிமன்றத்துக்கு இழுத்தது. 2023 டிசம்பரில் தென்னாப்பிரிக்கா இஸ்ரேல் மீது வழக்குத் தொடுத்ததும் அதன் கீழ்தான். லெம்கினின் குடும்பம் அழிந்த அதே ஆண்டுகளின் நினைவில் உருவான நாடு, அவர் எழுதிய சட்டத்துக்கு ஹேக் நகரில் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறது.